இரண்டாவது ஊர்

சிங்கப்பூர் முடிவாகிவிட்டது.
அதற்கு உப்பு ஜாடியை வைத்தார்கள்
சாப்பாட்டு மேசையின் நடுவில்.
மிச்சம் மூன்று இரவு.

பினாங்குக்கு மாவடு பாட்டில்.
பாங்காக்குக்கு என் காபி டம்ளர்,
இன்னும் பாதி இருந்தது.
ஹனோய் வெகுதூரம் என்பதால்
நெய்க்கிண்ணத்தை விளிம்புக்குத் தள்ளினாள் நிவேதிகா.
அங்கே வீடுகளுக்கு நடுவே ரயில் போகுமாம்.
ஒவ்வொரு ரயிலுக்கும்
துணிக்கொடியை உள்ளே இழுத்துக்கொள்வார்களாம்.

"ரயில் பாக்கவா அம்புட்டுத் தூரம்?
கூடல்நகர்ல போயி நில்லு"
என்றார் அழகர்ராஜா.
சீட்டுப் பணம் கைக்கு வந்ததிலிருந்து
எல்லாத் தூரத்தையும்
ஆளுக்கு எவ்வளவு என்றுதான் அளக்கிறார்.

தருண்ராஜ் பாங்காக் என்றான்.
காரணம் சொல்லவில்லை.
பத்தொன்பது வயது.

விருதுநகரிலிருந்து நாத்தனார், ஸ்பீக்கரில்:
"பினாங்குல தயிர் கெடைக்கும்ண்ணே."

நெல்பேட்டை காஜா பாய்
வாட்ஸப்பில் மூன்று விலை அனுப்பினார்.
நாலாவதாக, கேட்காமலே, லங்காவி.
லங்காவிக்கு வைக்க ஒன்றும் இல்லை.
அப்போதுதான் என்னைக் கேட்டார்கள்:
"ஒரு கரண்டி எடு."

வில்லாபுரத்தில் வீடு.
கொழும்பு விமானம் தாழ வரும் நேரம்
துணி எடுக்க மாடிக்குப் போவேன்.
சக்கரம் வெளியே வந்திருப்பது தெரியும்.
இத்தனை வருடத்தில்
அது போகும் ஊரை நினைத்ததேயில்லை.
வந்து இறங்குகிறவர்கள்
இங்கே என்ன பார்ப்பார்கள்
என்றுதான் நினைத்திருக்கிறேன்.

இன்று மின்வாரிய அலுவலகத்தில்
இரண்டு மீட்டர் புகார்களுக்கு நடுவே
போனில் தேடிப் பார்த்தேன்.
புறப்படும் இடம்: சிங்கப்பூர்.
சேரும் இடம்: மதுரை.
பயணி: ஒருவர்.
மூன்று நாள் முன்னதாக.
எல்லா ஊரையும்விட மலிவு.

ஆட்டோ வில்லாபுரம் வழியாகத்தான் போகும்.
எங்கள் தெருமுனை வரும்போது
குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொள்வேன்.
மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜ்.
பதிவேட்டில் வந்த நோக்கம் என்ற இடத்தில்
ஊர் பார்க்க என்று எழுதுவேன்.
"எந்த ஊரும்மா?" என்றால்
கொஞ்சம் யோசித்து
கடலூர்.

முதல் நாள் முழுக்கத் தூக்கம்.
மறுநாள் யானைமலை.
இருபத்திரண்டு வருடமாக
மேலூர் பஸ்ஸின் ஜன்னலில்
படுத்தே கிடக்கிறது அது.
ஒருநாள் ஏறணும் என்று சொன்னதை
நானே எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.
இறங்கி வந்து, ராத்திரி பதினொரு மணிக்கு,
கல்லில் கொத்தும் சத்தத்துக்குப் பக்கத்தில்
ஒரு கறிதோசை.
யாருக்கும் பிய்த்துக் கொடுக்காமல்
முழுசாக.

மூன்றாம் நாளுக்கு
எதுவும் வைக்கவில்லை.
ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று
தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கலாம்.
இல்லாவிட்டாலும் நிற்கலாம்.

இவர்கள் விமானம் தாழ வரும்போது
மாடியில்
துணி எடுத்துக்கொண்டிருப்பேன்.

பினாங்கு என்று முடிந்தது.
ஆளுக்கு நாலாயிரம் மிச்சம், அப்புறம் தயிர்.
"ஒனக்கு ஓகேதான?"
ம் என்றேன்.
நல்ல ஊர்தானாம் என்றும் சொன்னேன்.
பொய்யில்லை.

ஆறிப்போன பாங்காக்கைக் குடித்து முடித்தேன்.
எறும்பு ஏறாமல்
ஹனோயை மூடி அலமாரியில் வைத்தேன்.
லங்காவியைக் கழுவினேன்.
சிங்கப்பூர் அங்கேயே இருக்கட்டும்,
காலையில் எப்படியும் வேண்டும்.

விளக்கணைத்த பிறகு
தலையணைக்கடியில் போன் துடித்தது.
நீங்கள் தேடிய பயணத்தின் விலை
முந்நூற்று நாற்பது ரூபாய் குறைந்துள்ளது.